ரத்தப் பரிசோதனை அறிக்கையைத் தொழிற்சங்கம் எவ்வாறு வாசிக்க வேண்டும்?

(தொழிற்சங்க ஊழியர்களுக்கான பயிற்சி முகாமில் பணியிடச் சுகாதாரம் குறித்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பேட்டரி உற்பத்தி, ஈய உருக்காலை, பெயிண்ட், சாயம், மருந்து மூலப்பொருள், பெட்ரோலியச் சுத்திகரிப்பு எனப் பல துறைகளின் சங்கங்களிலிருந்து இங்கே வந்திருக்கிறீர்கள். உங்களுடைய ஆலைகள் பலவற்றில் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தொழிலாளர்களிடமிருந்து ரத்தமும் சிறுநீரும் எடுக்கப்படுகின்றன. சில வாரங்கள் கழித்து நிர்வாகத்திடமிருந்து பதில் வருகிறது: "எல்லாம் நார்மல்." அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. அறிக்கை கோப்பில் அடங்கிவிடுகிறது. தொழிலாளியின் கைக்கு அது வருவதே இல்லை. வந்தாலும் அதை எப்படி வாசிப்பது என்று அவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை.

கூலி ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் நாம் பிரித்துப் படிக்கிறோம். பஞ்சப்படிக் கணக்கில் ஒரு புள்ளி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிறோம். ஆனால் நமது தோழர்களின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று சொல்லும் தாளை மருத்துவரின் விவகாரம் என்று ஒதுக்கிவைக்கிறோம். இது கைவிடப்பட வேண்டிய பழக்கம். இந்தப் பரிசோதனை தொழிலாளியின் உடலில் செய்யப்பட்டாலும், அது சொல்லும் செய்தி பணியிடத்தைப் பற்றியது. ஆகவே அதை வாசிப்பது சங்கத்தின் வேலை.

காற்றின் அளவும் உடலின் அளவும்

பணியிடக் காற்றில் நச்சு எவ்வளவு இருக்கிறது என்று கருவி வைத்து அளப்பது ஒரு முறை. தொழிலாளியின் ரத்தம், சிறுநீர் ஆகியவற்றில் அந்த நச்சோ, அது உடலில் சிதைந்து உருவாகும் பொருளோ எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது மற்றொரு முறை. இரண்டாவதையே உயிரியல் கண்காணிப்பு என்கிறோம்.

காற்றை அளக்கும் கருவி தான் வைக்கப்பட்ட இடத்தின் காற்றை மட்டுமே அறியும். தோல் வழியாக ஊடுருவும் கரைப்பானை அது அறியாது. ஈயத் தூசி படிந்த கையால் சோறு உண்ணும்போது வயிற்றுக்குள் போவதையும் அறியாது. பளு தூக்குபவர் மேற்பார்வையாளரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார் என்பதையோ, எட்டு மணி நேரத்துக்கு வகுத்த வரம்பின் கீழ் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்கப்படுகிறது என்பதையோ அது கணக்கில் கொள்வதில்லை. உடல் இவை அனைத்தையும் கூட்டிக் கணக்கிடுகிறது. உயிரியல் கண்காணிப்பின் வலிமை இதுதான்.

அதன் குறையும் இதில்தான் இருக்கிறது. நஞ்சு உடலுக்குள் நுழைந்த பிறகுதான் இது நமக்குச் செய்தி சொல்கிறது. தொழிலாளியின் உடலை அளவுமானியாகப் பயன்படுத்திவிட்டு, காற்றோட்டக் கருவிகளுக்கும் மூடிய இயந்திர அமைப்புகளுக்கும் செலவு செய்யாமல் தப்பிக்க எந்த நிர்வாகத்தையும் அனுமதிக்கக் கூடாது. காற்றை அளப்பதும் உடலை அளப்பதும் சேர்ந்தே நடைபெற வேண்டும்.

ஓர் அறிக்கை கைக்கு வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. எதை அளந்தார்கள்? எப்போது எடுத்தார்கள்? எதனுடன் ஒப்பிட்டார்கள்? தனி ஒருவருடையதை மட்டும் பார்த்தார்களா, குழு முழுவதையும் பார்த்தார்களா?

எதை அளந்தார்கள்?

ஒவ்வொரு நச்சுக்கும் உரிய அடையாளப் பொருள் வேறு. ஈயத்துக்கு ரத்தத்தில் உள்ள ஈயத்தின் அளவு. பாதரச ஆவிக்குச் சிறுநீரில் உள்ள பாதரசம். பென்சீன் வேலையில் முன்பெல்லாம் சிறுநீரில் பீனால் அளப்பார்கள். காற்றில் பென்சீன் மிக அதிகமாக இருந்தால்தான் அது காட்டும். இன்றைய வரம்புகளின் அளவில் அது எதையும் காட்டாது. பென்சீன் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அதற்கு எஸ்-பீனைல் மெர்காப்டியூரிக் அமிலம் என்ற நுட்பமான அடையாளப் பொருளை அளக்க வேண்டும். பீனாலை அளந்துவிட்டு "பாதிப்பில்லை" என்று எழுதுவது, ஓட்டை வலையை வீசிவிட்டுக் குளத்தில் மீன் இல்லை என்பதற்கு ஒப்பானது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. டொலுவீன் கரைப்பானுக்குச் சிறுநீரில் ஹிப்பூரிக் அமிலம் அளக்கும் வழக்கம் இருந்தது. ஊறுகாய், குளிர்பானம் போன்றவற்றில் சேர்க்கப்படும் பென்சோயேட்டும் உடலில் அதே அமிலமாகவே மாறுகிறது. எனவே அளவு உயர்ந்தால் "நீ சாப்பிட்டதால்தான்" என்று சொல்ல நிர்வாகத்துக்கு வசதியாகிறது. டொலுவீனுக்கு ஆர்த்தோ கிரெசால் போன்ற தெளிவான அடையாளப் பொருட்கள் உள்ளன. அவற்றைக் கோர வேண்டும்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. கல்குவாரி, குவார்ட்ஸ் அரவை, அகேட் கல் பட்டை தீட்டுதல் ஆகியவற்றில் நுரையீரலைத் தின்னும் சிலிக்கா தூசிக்கு நடைமுறையில் பயன்படும் ரத்தப் பரிசோதனை எதுவுமில்லை. அங்கே தூசி அளவீடும், மார்பு எக்ஸ்ரேயும், நுரையீரல் செயல்திறன் சோதனையுமே வழி. சிலிக்கா தொழிலாளிக்குச் சர்க்கரையும் கொழுப்பும் அளந்துவிட்டு "மருத்துவ முகாம் நடத்தினோம்" என்று படம் எடுத்துக்கொள்வது கண்காணிப்பு ஆகாது.

எப்போது எடுத்தார்கள்?

ஒவ்வொரு நச்சும் உடலில் தங்கும் காலம் வேறு. கரைப்பான்கள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வெளியேறத் தொடங்கிவிடும். அவற்றுக்குரிய சிறுநீர் மாதிரியை ஷிப்டு முடியும் நேரத்தில் எடுக்க வேண்டும். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை காலை உள்ளே நுழையும்போதே எடுத்தால் விடுமுறை நாளின் சிறுநீரைத்தான் அளந்ததாக ஆகும்.

சிறுநீரில் இன்னொரு நுணுக்கம் உண்டு. அதிகம் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்து, நச்சின் அளவு குறைவாகத் தோன்றும். இதைச் சரிசெய்யவே கிரியாட்டினின் அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் குறைவாகவோ, 3 கிராமுக்கு அதிகமாகவோ கிரியாட்டினின் உள்ள மாதிரியை ஏற்காமல் மறுபடி எடுக்க வேண்டும் என்பதே பொதுவான நெறி. கிரியாட்டினின் அளவே குறிப்பிடப்படாத சிறுநீர் அறிக்கையை அரைகுறை அறிக்கை என்றே கொள்ள வேண்டும்.

ஈயம் வேறு வகை. ரத்தத்தில் கலந்த ஈயம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். ஆகவே எந்த நாளில் ரத்தம் எடுத்தாலும் கடந்த சில வாரங்களின் நிலை தெரியும். ஆனால் பரிசோதனைக்கு முன் ஒரு மாதம் தொழிலாளியை வேறு பிரிவுக்கு மாற்றினாலோ, ஆலை மூடிக்கிடந்த நாட்களுக்குப் பின் ரத்தம் எடுத்தாலோ எண் இறங்கிவிடும். இறங்கிய எண் உடல் தூய்மையடைந்ததைக் குறிப்பதில்லை. வயது வந்தவரின் உடலில் உள்ள ஈயத்தில் 90 சதவீதத்துக்கு மேல் எலும்பில் போய்த் தங்குகிறது. அங்கே அது பல பத்தாண்டுகள் இருக்கும். பேறுகாலத்திலும், முதுமையில் எலும்பு தேயும்போதும் அது மீண்டும் ரத்தத்துக்கு வரும். அதனால்தான் நெடுங்காலம் ஈயத்தில் உழைத்தவருக்கு வேலையை விட்ட பிறகும் எண் மெதுவாகவே இறங்குகிறது.

இந்த இடத்தில் ஜிங்க் புரோட்டோபார்பிரின் என்ற துணைப் பரிசோதனை உதவும். ஈயம் ரத்த அணுக்கள் உருவாவதைக் கெடுப்பதன் தடயம் அது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள் என்பதால், கடந்த மூன்று நான்கு மாதங்களின் கதையை அது சொல்லும். ஈய அளவு குறைவாகவும் இந்த அளவு உயர்ந்தும் இருந்தால், அண்மையில்தான் ஈயத் தொடர்பு குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சங்கம் கேட்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவாலும் இது உயரும் என்பதால் மருத்துவர் அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

காலம் கடந்த பரிசோதனை எவ்வளவு பெரிய அநீதிக்கு இடம் தரும் என்பதைக் கொடைக்கானல் காட்டியது. இந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனத்தின் பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்டது. சிறுநீரில் உள்ள பாதரசம் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் பாதியாகக் குறையும். ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரைச் சோதித்து, பணிக்காலத்தில் பாதிப்பே இல்லை என்று யாராலும் நிறுவ முடியாது. தனது மருத்துவ ஆய்வுகளில் பாதிப்பு எதுவும் தெரியவில்லை என்றே நிறுவனம் கூறிவந்தது. தொழிலாளர்கள் சளைக்காமல் போராடினர். 591 முன்னாள் தொழிலாளர்களுக்கான உடன்பாடு 2016-இல்தான் ஏற்பட்டது. மூடப்பட்ட ஆண்டுக்கும் உடன்பாட்டுக்கும் இடையே 15 ஆண்டுகள். பணிக்காலப் பரிசோதனை முடிவுகள் அன்றே தொழிலாளர் கையில் இருந்திருந்தால் அவர்களின் நிலை எவ்வளவோ வலுவாக இருந்திருக்கும்.

எதனுடன் ஒப்பிட்டார்கள்?

அறிக்கையில் ஓர் ஓரத்தில் அச்சிடப்படும் "இயல்பு வரம்பு" என்ற எண் எங்கிருந்து வருகிறது? ஈயத்தின் வரலாறு இதற்கு நல்ல பாடம்.

அமெரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் தொழிலின் மருத்துவ ஆலோசகராக இருந்தவர் ராபர்ட் கீஹோ. 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மைக்ரோகிராம் வரை ஈயம் இருந்தால் ஆபத்தில்லை என்பது அவர் நிலைநாட்டிய கருத்து. பல பத்தாண்டுகள் அது "அறிவியல்" என்று உலாவியது. தொழிற்சங்கங்களின் நிர்ப்பந்தத்துக்குப் பின் 1978-இல் அந்நாட்டில் வந்த ஈயத் தர விதி, 60-ஐ எட்டினாலோ, சராசரி 50-ஐ எட்டினாலோ தொழிலாளியை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும் என்றது. 40-க்குக் கீழே இறங்கிய பிறகே திரும்ப அனுப்பலாம். அமெரிக்கத் தொழில்சார் சுகாதார வல்லுநர் அமைப்பு பின்னர் தனது வழிகாட்டு அளவை 30 என்றும், பிறகு 20 என்றும் குறைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கட்டாய வரம்பு 70 ஆக இருந்தது. 2024-இல் நிறைவேறிய ஆணையின்படி 2028 இறுதிவரை 30, அதன்பின் 15.

80-இலிருந்து 15 வரை. மனித ரத்தம் மாறிவிடவில்லை. 10-க்குக் குறைவான அளவிலேயே ரத்த அழுத்த உயர்வுடன் ஈயத்துக்குத் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வரம்பு என்பது மருத்துவ அறிவுக்கும் மூலதனத்தின் செலவுக் கணக்குக்கும் தொழிலாளி வர்க்கத்தின் வலிமைக்கும் இடையே ஒரு காலத்தில் ஏற்படும் சமரசம். அதைக் கடவுள் வகுத்த கோடாக நினைத்து அடங்கிவிடக் கூடாது.

இந்தியாவில் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, காற்றில் ஈயத்துக்கு ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம் என்ற வரம்பை வைத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் நெடுங்காலம் வைத்திருந்த அதே அளவை, 2024 ஆணை 0.03 ஆக, ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. "சட்ட வரம்புக்குள் இருக்கிறது" என்று நிர்வாகம் சொன்னால், எந்த ஆண்டின் வரம்பு என்று கேளுங்கள்.

அறிக்கையில் அலகையும் பாருங்கள். ஒரு லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்பதும் ஒரு டெசிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்பதும் ஒன்றே. அலகைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டு அறிக்கைகளை ஒப்பிட்டால் வீண் பீதியோ, வீண் நிம்மதியோதான் மிஞ்சும்.

சில பரிசோதனைகளில் பொது வரம்பே ஏமாற்றும். ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகள் உடலில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். ஒருவருடைய அளவு அவருடைய சொந்த அளவிலிருந்து 30 சதவீதம் சரிந்திருக்கலாம். ஆயினும் அச்சிட்ட "இயல்பு வரம்பு"க்குள்ளேயே நிற்கலாம். எனவே மருந்து தெளிக்கும் பருவம் தொடங்குமுன் எடுத்த அடிப்படை அளவு இல்லாமல் இந்தப் பரிசோதனையைச் சரியாக வாசிக்க இயலாது. 2017-இல் மகாராஷ்டிராவின் யவத்மாலில் பருத்திக் காட்டில் மருந்து தெளித்த விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வயலில் கூலிக்கு மருந்து தெளிப்பவருக்கு யார் அடிப்படை அளவு எடுத்துவைக்கிறார்கள்? ஆலைத் தொழிலாளிக்குப் பெயரளவிலாவது இருக்கும் உரிமைகூட அவருக்கு இல்லை.

தனி ஒருவரா, குழுவா?

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். ஒரு தோழரின் ரத்த ஈய அளவு அடுத்தடுத்த நான்கு சோதனைகளில் 22, 27, 33, 38. ஆலை வைத்திருக்கும் வரம்பு 40. நான்கு முறையும் "நார்மல்" என்ற முத்திரையே விழும். ஆனால் நான்கையும் ஒரு தாளில் வரிசையாக எழுதினால் சிறு பிள்ளைக்கும் புரியும்: எண் ஏறிக்கொண்டே போகிறது. இந்த உயர்வே செய்தி. வரம்பைத் தொடும்வரை காத்திருப்பது குற்றம்.

அடுத்து, பிரிவு வாரியாகப் பாருங்கள். தகடு வார்க்கும் பிரிவில் பெரும்பாலோருக்கு உயர்ந்தும், மற்றப் பிரிவுகளில் தாழ்ந்தும் இருந்தால், வார்ப்புப் பிரிவின் புகை உறிஞ்சியைப் போய்ப் பார்க்க வேண்டும். ஒரே பிரிவில் ஒருவருக்கு மட்டும் உயர்ந்திருந்தால், அவர் செய்யும் வேலையில் தனியாக என்ன இருக்கிறது என்று அவரிடமே கேட்க வேண்டும். உலைக் கசடு அள்ளுவது, வடிகட்டிப் பையைத் தட்டுவது போன்ற வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளியின் தலையில்தான் விழுகின்றன. நிரந்தரத் தொழிலாளர்களை மட்டும் சோதித்து எடுக்கும் சராசரி, ஆலையின் அசுத்தமான மூலையை மறைத்துவிடும்.

பெயர்களை நீக்கிப் பிரிவு வாரியான முடிவுகளைப் பாதுகாப்புக் குழுவின் முன் வைப்பதில் எந்த ரகசியமும் மீறப்படுவதில்லை. தனிநபரின் அறிக்கை அவருக்கே உரியது. அவர் சம்மதமின்றி நிர்வாகமோ, நாமோ அதைப் பரப்பக் கூடாது. குழுவின் முடிவு அனைவருக்கும் உரியது. இந்த வேறுபாட்டில் நாம் உறுதியாக நிற்க வேண்டும்.

தொழிலாளிக்கு எதிராகத் திரும்பும் அறிக்கை

தோழர்களே, பரிசோதனை என்றால் தொழிலாளர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. எண் உயர்ந்தால் "கை கழுவவில்லை, முகமூடி போடவில்லை" என்று பழி அவர் மேலேயே விழுகிறது. அடுத்த நாள் கேட்டில் நிறுத்தப்படுகிறார். ஒப்பந்தத் தொழிலாளியானால் காரணம்கூடச் சொல்லப்படுவதில்லை. நோயுற்றவரை வெளியேற்றிவிட்டுப் புதியவரை உள்ளே விட்டால் ஆலையின் சராசரி எண் அழகாகக் குறையும், நஞ்சு குறையாது.

இதற்கு எதிராகத் தொழிலாளி இயக்கம் உருவாக்கிய கோரிக்கைதான் ஊதியப் பாதுகாப்புடன் கூடிய மருத்துவ விலக்கல். மேலே சொன்ன 1978 விதியில் இது இடம்பெற்றது: அளவு உயர்ந்த தொழிலாளியை நச்சில்லாத வேலைக்கு மாற்ற வேண்டும், 18 மாதங்கள் வரை அவருடைய ஊதியமும் பணிமூப்பும் குறையக் கூடாது. இந்தப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் தொழிலாளி பரிசோதனையிலிருந்து ஒளியத்தான் செய்வார். அதற்காக அவரைக் குறைசொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஈயத்தை உடலிலிருந்து இழுத்து வெளியேற்றும் மருந்துகளை, எண்ணைக் குறைத்துக் காட்டுவதற்காகவே முன்கூட்டிக் கொடுப்பதை அதே விதி தடைசெய்கிறது. அம்மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை. நச்சு நிறைந்த வேலையில் வைத்துக்கொண்டே அவற்றைக் கொடுப்பது சிகிச்சை ஆகாது.

பெண்களை விலக்கிவைப்பதும் தீர்வல்ல. ஈயம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவைத் தாக்கும் என்பது உண்மை. ஆணின் விந்தணுவையும் அது கெடுக்கும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் பேட்டரி நிறுவனம் ஒன்று கருத்தரிக்கும் தகுதியுள்ள பெண்கள் அனைவரையும் ஈய வேலையிலிருந்து விலக்கியபோது, வாகனத் தொழிலாளர் சங்கம் வழக்காடி 1991-இல் உச்சநீதிமன்றத்தில் வென்றது. பணியிடத்தை எல்லோருக்கும் பாதுகாப்பானதாக மாற்ற வேண்டும்; ஆட்களை வடிகட்டுவது தீர்வாகாது. கருவுற்ற தோழருக்கு ஊதியக் குறைவின்றி மாற்று வேலை என்பது அவரது உரிமை.

சட்டம் எங்கே நிற்கிறது?

போபால் படுகொலைக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் புதிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அபாயகரமான செயல்முறைகள் உள்ள ஆலைகளில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் பணியில் அமர்த்துமுன்னும், பணிக்காலத்திலும், அந்த வேலையை விட்ட பின்னும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். இடைவெளி 12 மாதங்களைத் தாண்டக் கூடாது. மருத்துவப் பதிவேடுகள் தொழிலாளிக்குக் கிடைக்க வேண்டும் என்று 41-சி பிரிவு கூறியது. ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் 1995-இல் உச்சநீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவின் கீழான உரிமை என்று தீர்ப்பளித்தது. அத்தொழிலில் பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை பதிவேடுகளைக் காக்க ஆணையிட்டது.

இப்போது தொழிற்சாலைகள் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை விழுங்கிய பணிப்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளதாக ஒன்றிய அரசு அறிவித்துள்ளது. தொழிற்சாலை என்ற வரையறைக்கான தொழிலாளர் எண்ணிக்கை மின்சாரம் பயன்படுத்தும் இடங்களில் 10-இலிருந்து 20 ஆகவும், மற்ற இடங்களில் 20-இலிருந்து 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைகளில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்? பெரும்பாலும் பத்துப் பதினைந்து பேர். ரத்தத்தில் மிக அதிக ஈயம் சேரும் வாய்ப்புள்ள இடங்களே தொழிற்சாலை என்ற பெயரை இழக்கின்றன. 40 வயதைக் கடந்தோருக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை என்று அரசு பெருமை பேசுகிறது. பொதுப் பரிசோதனை வேறு, நச்சுக் கண்காணிப்பு வேறு. ஈயப் பட்டறையில் சேரும் இளைஞர் 40 வயது வரை காத்திருந்தால் அவருடைய எலும்பு முழுவதும் ஈயமாகியிருக்கும்.

நமது கடமைகள்

இளம் எங்கெல்ஸ் 1845-இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், மட்பாண்டங்களுக்கு ஈயமும் ஆர்சனிக்கும் கலந்த மெருகு பூசும் தொழிலாளர்களின் நிலையைப் பதிவு செய்தார். அன்று அவருக்குத் தொழிலாளியின் முகமும் நடுங்கும் கையுமே சான்று. இன்று நம்மிடம் எண்களே இருக்கின்றன. அவற்றைப் பூட்டிவைத்திருப்பதுதான் பிரச்சனை.

ஒவ்வொரு ஆலைச் சங்கமும் பயன்படுத்தப்படும் இரசாயனங்களின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் என்ன பரிசோதனை நடக்கிறது என்பதையும் எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஒவ்வொருவரும் தம் அறிக்கையின் நகலைப் பெற வேண்டும். எண், அலகு, மாதிரி எடுத்த நாள், நேரம், ஒப்பிட்ட வரம்பு அனைத்தும் அதில் இருக்க வேண்டும். நகல்களை வீட்டில் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், இ.எஸ்.ஐ. மருத்துவரிடமும், இழப்பீட்டு வழக்கிலும் அதுவே சான்று. பாதுகாப்புக் குழுவில் பிரிவு வாரியான முடிவுகளையும் காற்று அளவீட்டையும் அருகருகே வைத்துப் பேசுங்கள். அடுத்த ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் ஊதியப் பாதுகாப்புடன் கூடிய மாற்றுப் பணியை ஒரு கோரிக்கையாகச் சேருங்கள்.

முறைசாராப் பட்டறைகளில் இவை எதுவுமே இல்லை. அங்கே தூசி படிந்த உடையோடு தொழிலாளி வீடு திரும்பும்போது ஈயம் குழந்தையையும் சென்றடைகிறது. குழந்தைக்குப் பாதுகாப்பான ஈய அளவு என்று எதுவும் கிடையாது என்பது உலக சுகாதார அமைப்பின் நிலை. அமைப்பாக்கப்பட்ட ஆலைகளின் சங்கங்கள் அந்தப் பட்டறைகளின் வாசலுக்குச் செல்ல வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் ரத்த ஈயமும் கோலினெஸ்டரேஸும் இலவசமாகச் சோதிக்கும் வசதியைக் கோர வேண்டும்.

அடுத்த முறை "எல்லாம் நார்மல்" என்ற பதில் வரும்போது, இந்த நான்கு கேள்விகளையும் எழுத்தில் கொடுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள். உழைப்புச் சக்தியைத்தான் தொழிலாளி விற்கிறார். தன் ரத்தத்தையும் எலும்பையும் அவர் விற்கவில்லை.